கணினிப் பக்கம்: புதிய திரைக்குப் பழகிக்கொள்வோம்



2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு வழங்கிவந்த வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊர் வீடுகளிலும், முன்பள்ளிகளிலும், மாதர் சங்கங்களிலும், சந்திக்குச் சந்தி உள்ள தட்டச்சுக் கடைகளிலும் கணினிகளின் முகம் ஒன்றன்பின் ஒன்றாக மாறி வருகிறது. "அக்கா, கொம்பியூட்டரைத் திறந்தா எல்லாம் நடுவில நிக்குது, என்ர பைல் ஒண்டையும் காணேல்லை" என்ற முறைப்பாட்டை இப்போது அடிக்கடி கேட்கிறோம். எனவே இம்முறை இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்குவோம்.

பணிசெயல் முறைமை என்ற சொல்லைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். கணினிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழித்தெழுந்து, திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி எல்லாவற்றையும் வேலைக்கு அமர்த்துகின்ற அடிப்படை மென்பொருள்தான் அது. பிள்ளைகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூலைத் திறந்தால் இந்தப் பெயரிலேயே இருக்கும். விண்டோஸ் 10 அப்படியான ஒன்று. 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11 அதற்கு அடுத்தது.

ஆதரவு நின்றுவிட்டது என்றால் கணினி நின்றுவிடும் என்று பொருளல்ல. உங்கள் பழைய கணினி நேற்றுப்போலவே இன்றும் திறக்கும், தட்டச்சு செய்யும், அச்சிடும். முக்கியமாக நின்றது பாதுகாப்புக்கான மாதாந்த இற்றைப்படுத்தல். இணையத்தில் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அந்த இற்றைப்படுத்தல்கள்தான் அடைத்துவந்தன. இனி அடைக்க ஆள் இல்லை. ஆகவே அந்தக் கணினியில் வங்கி அலுவல்களைச் செய்வது மெல்ல மெல்ல ஆபத்தாகிக்கொண்டு போகும். இணைய இணைப்பே இல்லாமல் கடிதம் அடிப்பதற்கும் கணக்கு எழுதுவதற்கும் வைத்திருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை.

இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்திப் பிழைக்க வருபவர்களும் உண்டு. "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று திரை முழுவதும் சிவப்பாக ஓர் அறிவித்தல் வந்து கத்தினால், அது மோசடி. மைக்ரோசொப்ட் நிறுவனம் எவரையும் அப்படித் தொலைபேசி எடுக்கச் சொல்வதில்லை. அந்தச் சாளரத்தை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கணினியையே நிறுத்திவிடுங்கள். இலக்கத்துக்கு அழைக்கவே வேண்டாம்.

எல்லாக் கணினியும் விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொள்ளாது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குறைந்தது 4 ஜீபி நினைவகமும் 64 ஜீபி சேமிப்பிடமும் வேண்டும். அதோடு 'ரிபிஎம் 2.0' எனப்படும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இன்ரெல் நிறுவனத்தின் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அதாவது ஏறத்தாழ 2018க்கு முன்னர் வாங்கிய கணினிகளில் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை. மைக்ரோசொப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் உங்கள் கணினி தேறுமா தேறாதா என்று அதுவே சொல்லிவிடும். கடைக்காரர் சொல்வதற்கு முன் நீங்களே பார்த்துவிடுங்கள். தேறாத கணினியிலும் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்றலாம்தான், பின்னால் வரும் இற்றைப்படுத்தல்களுக்கு உத்தரவாதம் இல்லை.

தேறாவிட்டால் உடனே புதிதாக வாங்க வேண்டும் என்றும் இல்லை. விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை நீடித்துத் தரும் ஒரு திட்டத்தை மைக்ரோசொப்ட் அறிவித்தது. 30 டொலர் கட்டியும் சேரலாம். மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் மூலம் கணினியின் அமைப்புகளை ஒத்திசைத்தால் காசு கட்டாமலும் சேரலாம் என்பது அத்திட்டம். மற்ற வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ற் என்ற வகை, பழைய விண்டோஸ் போலவே கீழே ஒரு பட்டையும் இடது மூலையில் ஒரு பட்டியலுமாக இருக்கும். இலவசம். கணினியில் ஏற்றாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். இணையம் பார்க்க, கடிதம் எழுத, பிள்ளைகள் படிக்க அது தாராளமாகப் போதும்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். திரைக்குப் பழகுவது பிறகு. அதற்கு முன்னர் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்கள் அயலில் ஒரு சகோதரி இருக்கிறார். வீட்டிலிருந்து தட்டச்சு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். பாடசாலை வினாத்தாள்கள், திருமண அழைப்பிதழ்கள், 31ஆம் நாள் கல்வெட்டுகள் எல்லாம் அவர் கையால் அடிபடும். கணினியைக் கடையொன்றில் கொடுத்துப் புதிய விண்டோஸ் போட்டுத்தரச் சொன்னார். கடையில் 'போமற்' பண்ணிப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முகப்புத்திரையில் இருந்த ஏழெட்டு வருட வேலை போய்விட்டது. பென் டிரைவ் ஒன்றில் மிஞ்சியிருந்த கல்வெட்டுகளைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை. "எழுத்தெல்லாம் பழுதாப் போச்சு" என்று அழுதுகொண்டு நின்றார்.

எழுத்துப் பழுதாகவில்லை. அவர் அடித்தது பாமினி எழுத்துருவில். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழாகத் தெரியும். இல்லாதபோது உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் அம்மணமாகத் தெரியும். 'போமற்' செய்தபோது எழுத்துருவும் அழிந்துவிட்டது, அவ்வளவுதான். பாமினி எழுத்துருக் கோப்பைத் திரும்பப் போட்டதும் கல்வெட்டுகள் தமிழாகிவிட்டன. ஆனால் அழிந்த முகப்புத்திரைக் கோப்புகள் வரவேயில்லை.

யாழ்ப்பாணத்தில் கணினியில் தமிழ் அடிக்கத் தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பாமினியில் தொடங்கியவர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணினியை எவரிடமும் கொடுப்பதற்கு முன் ஒரு பென் டிரைவையோ வெளிவாரி வன்தட்டையோ எடுத்து, மூன்று இடங்களைக் கட்டாயம் பிரதி பண்ணுங்கள். 'டொக்கியுமென்ற்ஸ்' கோப்புறை ஒன்று. 'டெஸ்க்ரொப்' எனப்படும் முகப்புத்திரை மற்றது. எம்மில் பலர் எல்லாவற்றையும் அங்கேதான் குவித்து வைத்திருக்கிறோம். மூன்றாவதை எவரும் நினைப்பதில்லை: சி வட்டில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'பொன்ற்ஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் இருக்கும் பாமினியையும் நீங்கள் பாவிக்கும் மற்றத் தமிழ் எழுத்துருக்களையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் அந்தக் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'இன்ஸ்ரோல்' என்றால் போதும், பழைய கல்வெட்டு பழையபடி தமிழாகிவிடும்.

பிரதி எடுத்தபின், இன்னொரு கணினியில் அந்தப் பென் டிரைவைப் போட்டு நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியல்ல.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. "தம்பி, மேலால ஏத்துறீங்களோ, போமற் பண்ணுறீங்களோ?" விண்டோஸ் 10இன் மேலாகவே 11ஐ ஏற்றினால் உங்கள் கோப்புகள், மென்பொருள்கள், எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். அத்துடன் பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பிப் போகும் வசதியும் 'செற்றிங்ஸ்' பகுதியில் இருக்கும். 'போமற்' பண்ணினால் வட்டில் இருந்தது எல்லாம் போய்விடும். தேறுகின்ற கணினிக்கு முதல் வழியே போதும், அதைக் கடைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே 'விண்டோஸ் அப்டேற்' மூலம் செய்யலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணினிக்குள் எங்கள் குடும்பப் படங்கள், மகள்மாரின் படங்கள், வங்கிக் கடிதங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் இருக்கின்றன. திருத்தக் கொடுக்கும்போது அவற்றை வெளிவாரி வட்டுக்கு மாற்றிவிட்டுக் கணினியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். நீக்கியதைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் வெறுமையாக்குங்கள். இதில் கடைக்காரரைச் சந்தேகிப்பதாக எவரும் மனம் நோகத் தேவையில்லை. நகையைக் கழற்றி வைத்துவிட்டு அலுமாரியைத் திருத்தக் கொடுப்பதுபோல்தான் இது.

வீட்டில் ஏற்றுபவர்கள் மின்சாரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலை ஓரிரு மணித்தியாலம் எடுக்கலாம். நடுவில் மின் நின்றால் கணினி திறக்காமலே போகவும் கூடும். மடிக்கணினி என்றால் முழுதாக மின்னேற்றி, வயரையும் செருகியபடி தொடங்குங்கள். மேசைக் கணினிக்கு மின்காப்புப் பெட்டி இல்லாவிட்டால், மின்தடை அறிவித்த நாளிலும் இடி மின்னல் மாலையிலும் தொடங்க வேண்டாம். அறிவிக்காமல் வரும் தடைக்கு எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னது நினைவிருக்கும்.

சரி, புதிய திரை வந்துவிட்டது. திறந்து பார்க்கிறோம்.

இடம்பெயர்ந்து போன வீடுகளில் சமைத்த அனுபவம் எம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு. ஆர் வீட்டுக் குசினியோ, எங்கே அடுப்பு, எங்கே உப்புப் போத்தல், எங்கே அகப்பை என்று ஒன்றும் தெரியாது. ஆனால் சமைக்கத் தெரியாமற் போய்விடவில்லை. உப்புப் போத்தலும் நெருப்புப் பெட்டியும் இருக்கும் இடம் தெரிந்தவுடன் உலை வைத்துவிட்டோம். மற்றவை நாலு நாளில் பிடிபட்டன. புதிய திரையிலும் முதல் நாளே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளப் பார்க்க வேண்டாம். நீங்கள் நாளாந்தம் செய்யும் மூன்று நான்கு வேலைகள் எவை, அவை இங்கே எங்கே இருக்கின்றன என்று மட்டும் தேடுங்கள்.

முதலில் ஸ்ரார்ட் பொத்தான். இந்தப் பொத்தான் உலகத்துக்கு அறிமுகமானது 1995 ஓகஸ்ற் 24ஆந் திகதி, விண்டோஸ் 95உடன். அந்த நாளில் நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்த விளக்கில் படித்துக்கொண்டிருந்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்து வந்த ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. ஆகவே ஸ்ரார்ட் பொத்தானை எம்மிற் பலர் கண்டது, 2002இல் ஏ9 வீதி திறந்து, தெருவுக்குத் தெரு கணினி வகுப்புகள் முளைத்த காலத்தில்தான். அது விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் பொத்தான், பின்னால் பச்சைப் புல்மேடும் நீல வானமும். இடது கீழ் மூலைக்குக் கை தானாகப் போவது அன்று தொடங்கிய பழக்கம்.

விண்டோஸ் 11இல் அந்தப் பொத்தான் கீழ்ப்பட்டையின் நடுவுக்கு வந்துவிட்டது. அதோடு, எத்தனை மென்பொருளைத் திறக்கிறீர்களோ அதற்கேற்ப அது சற்று இடப்பக்கமாக நகர்ந்துகொண்டும் இருக்கும். கை தடுமாறுவது இதனால்தான். இதை மாற்ற ஒரு நிமிடம் போதும். கீழ்ப்பட்டையின் வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தி 'ராஸ்க்பார் செற்றிங்ஸ்' என்பதற்குப் போங்கள். கீழே 'ராஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்பதைத் திறந்தால் 'அலைன்மென்ற்' என்ற இடத்தில் நடுவா, இடதா என்று கேட்கும். இடது என்று கொடுத்துவிடுங்கள். பொத்தான் பழைய மூலைக்கு வந்துவிடும். அரைவாசிக் குழப்பம் அதோடு தீரும் என்பது என் அனுபவம்.

இதை மாற்றுவது வெட்கப்பட வேண்டிய காரியமும் அல்ல. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசொப்ட் ஸ்ரார்ட் பொத்தானையே எடுத்துவிட்டு, திரை முழுவதும் வண்ண வண்ணச் சதுரங்களை வைத்தது. உலகம் முழுவதிலும் பழகியவர்களே தடுமாறிச் சண்டை பிடித்தார்கள். அடுத்த ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பி வந்தது. புதுத் திரையில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 'எனக்கு மூளை காணாது' என்று உடனே நினைத்துவிடுகிறோம். வரைந்தவரின் பிழையாகவும் இருக்கலாம் அல்லவா?

மற்றது வலது பொத்தான் பட்டியல். கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் முன்பு நீளமாக ஒரு பட்டியல் வரும். இப்போது கட்டையாக வருகிறது. வெட்டுதல், பிரதி பண்ணுதல், பெயர் மாற்றுதல், அழித்தல் ஆகியவை பட்டியலின் உச்சியில் சிறு சின்னங்களாக மாறிவிட்டன. கத்தரிக்கோலைக் கண்டால் வெட்டுதல், இரண்டு தாள்களைக் கண்டால் பிரதி. பழைய நீளப் பட்டியல்தான் வேண்டும் என்றால் அடியில் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' என்று இருக்கும், அதை அழுத்துங்கள். அல்லது ஷிப்ற் விசையை அழுத்தியபடி வலது பொத்தானை அழுத்துங்கள். நேரே பழைய பட்டியல் வரும்.

வலது கீழ் மூலையில் வைபை, ஒலி, மின்கலம் மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றில் எதைத் தொட்டாலும் ஒரே பெட்டிதான் திறக்கும், அதற்குள் எல்லாம் இருக்கும். நிறுத்தும் பொத்தான் ஸ்ரார்ட்டைத் திறந்தால் அதன் வலது அடியில்.

எதையும் தேடிக் களைக்க வேண்டாம் என்றால் இன்னொரு வழி: விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள விசையை ஒருமுறை அழுத்திவிட்டு, வேண்டிய மென்பொருளின் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கத் தொடங்குங்கள். மூன்று எழுத்து அடிப்பதற்குள் அது முன்னால் வந்து நிற்கும். இது விண்டோஸ் 10இலும் இப்படித்தான். விசைப்பலகை அப்போது தமிழில் நிற்கக்கூடாது என்பது மட்டும் கவனம். கடவுச்சொல் 'பிழை பிழை' என்று வருவதற்கும் பலமுறை இதுவே காரணம்.

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி. திரையை எத்தனை முறை மாற்றினாலும் விசைப்பலகைக் குறுக்கு வழிகளை இவர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை. கொன்ரோல் விசையோடு 'சி' பிரதி, 'வி' ஒட்டுதல், 'எக்ஸ்' வெட்டுதல், 'இசட்' செய்ததைத் திரும்பப் பெறுதல். இந்த நான்கும் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. கொன்ரோலும் 'எஸ்'ஸும் சேமித்தல், கொன்ரோலும் 'பி'யும் அச்சிடுதல். ஓல்ற் விசையோடு ராப் விசை, திறந்திருக்கும் சாளரங்களுக்கிடையே மாறுவதற்கு. விண்டோஸ் விசையோடு 'இ' அழுத்தினால் கோப்புறைகள் திறக்கும், 'டி' அழுத்தினால் முகப்புத்திரை, 'ஐ' அழுத்தினால் 'செற்றிங்ஸ்', 'எல்' அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். அடுப்பில் பால் பொங்குகிறது, ஓட வேண்டும், திரையில் சங்கக் கணக்கு திறந்தபடி கிடக்கிறது என்றால் அந்த 'எல்' உதவும். இவற்றை அறிந்தவருக்குப் பொத்தான் நடுவில் இருந்தாலென்ன, மூலையில் இருந்தாலென்ன?

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் திரை பிடிபடாததற்கு உண்மையான காரணம் பலவேளைகளில் கண். புதிய திரையில் சின்னங்கள் மெல்லிய கோடுகளாகவும் எழுத்து சாம்பல் நிறமாகவும் இருப்பதால் இன்னும் சிரமம். 'செற்றிங்ஸ்' இல் 'அக்சசிபிலிற்றி' என்ற பகுதிக்குள் 'ரெக்ஸ்ற் சைஸ்' இருக்கிறது. அதை இழுத்து எழுத்தைப் பெரிதாக்கலாம். சுட்டியின் அம்புக்குறியையும் அதே பகுதியில் பெரிதாக்கி, நிறத்தையும் மாற்றலாம். அம்புக்குறி எங்கே என்று தேடித் தேடியே களைத்தவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

தமிழ் அடிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். விண்டோஸ் 11இல் தமிழ் எழுதுவதற்குத் தனியாக மென்பொருள் போட வேண்டிய அவசியம் இல்லை. 'செற்றிங்ஸ்' இல் 'ரைம் அன்ட் லாங்குவேஜ்' என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துவிட்டால், தமிழ்99, அஞ்சல் ஆகிய விசையமைப்புகளும் அங்கேயே கிடைக்கும். 'அம்மா'வை ஆங்கில ஒலிப்படி அடித்துப் பழகியவர்களுக்கு அஞ்சல் இலகு. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். பாமினியில் கை ஊறியவர்கள் புதிதாக ஒன்றைப் படிக்கத் தேவையில்லை. அதே பாமினி விசையமைப்பில் அடித்தபடியே யுனிகோட் எழுத்தைப் பெறுவதற்கு ஈ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இனிப் புதிதாக அடிப்பதையாவது யுனிகோட்டில் அடித்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. அதை எந்தக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் எழுத்துரு தேடாமல் வாசிக்கலாம். பாமினி எழுத்துருவைத் தெரிவு செய்துகொண்டு விண்டோஸின் தமிழ் விசைப்பலகையையும் போட்டு அடித்தால் மட்டும் இரண்டுங்கெட்டதாகும். பாமினிக்கு விசைப்பலகை ஆங்கிலத்திலேயே நிற்க வேண்டும்.

திரையையே தமிழில் வைத்துக்கொள்ளவும் முடியும். அதே மொழிப் பகுதியில் 'தமிழ் (இந்தியா)' என்பதைக் காட்சி மொழியாகத் தெரிவு செய்யலாம். அங்குள்ள சொற்கள் சில எங்கள் பாடநூற் சொற்களோடு ஒத்துப்போகா. அதோடு, கடைத் தம்பியோ வெளிநாட்டில் இருக்கும் மகனோ தொலைபேசியில் "அந்த ஐகொனை அமத்துங்கோ அம்மா" என்று ஆங்கிலப் பெயரில் சொல்லும்போது உங்கள் திரையில் அந்தப் பெயர் இருக்காது. ஆங்கிலம் நன்றாகச் சிரமம் தருகிறது என்றால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இருக்கட்டும்.

'கோப்பைக் காணேல்லை' என்ற முறைப்பாட்டின் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒன்ட்ரைவ். இது உங்கள் கோப்புகளை இணையத்தில் உள்ள களஞ்சியமொன்றுக்கு அனுப்பி வைக்கும் ஏற்பாடு. புதிய விண்டோஸை அமைக்கும்போது 'ஓம், ஓம்' என்று அழுத்திக்கொண்டு போனால், முகப்புத்திரையும் ஆவணங்களும் படங்களும் ஒன்ட்ரைவ் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜீபி. பிள்ளையின் சாமத்தியச் சடங்குப் படங்களே அதைவிடக் கூடுதலாக இருக்கும். நிரம்பியதும் காசு கட்டச் சொல்லி அறிவித்தல் வந்துகொண்டேயிருக்கும். கைத்தொலைபேசியின் டேட்டாவில் கணினியை இணைப்பவர்களுக்கு மாதப் பொதி இரண்டு நாளில் முடிந்துபோவதும் இதனால் நடக்கலாம். கணினி பழுதானாலும் கோப்பு தப்பும் என்பதால் ஒன்ட்ரைவ் கெட்டதல்ல. ஆனால் தெரிந்துகொண்டு பாவிக்க வேண்டும். கோப்பு காணாமற்போனால் முதலில் ஒன்ட்ரைவ் கோப்புறைக்குள் பாருங்கள். வேண்டாம் என்றால் மூலையில் உள்ள முகில் சின்னத்தைத் திறந்து அதன் 'செற்றிங்ஸ்' இல் கோப்புறைக் காப்பை நிறுத்தலாம். நிறுத்தியபின் கோப்புகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்து வேண்டிய இடத்துக்கு மாற்றுங்கள். பாராமல் அழித்துவிட வேண்டாம். தொலைபேசி டேட்டாவில் இணைப்பவர்கள், அந்த வைபையின் விபரங்களுக்குப் போய் 'மீற்றர்ட் கனெக்ஷன்' என்பதை இயக்கிவிட்டால் பெரிய பதிவிறக்கங்கள் பல தள்ளிப்போகும்.

யார் சொல்லித் தருவது என்பதும் ஒரு பிரச்சினைதான். வீட்டில் மகனையோ மருமகனையோ கேட்டால், "தள்ளுங்கோ அம்மா" என்று சுட்டியை வாங்கி, கண் மூடித் திறப்பதற்குள் நாலு இடத்தில் அழுத்தி, "சரி" என்று எழும்பிப் போய்விடுவார்கள். வேலை முடிந்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த கிழமை அதே வேலைக்கு மீண்டும் அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நிபந்தனை வையுங்கள்: "நீ வாயால சொல்லு, நான் கையால செய்யிறன்." கொஞ்சம் பொறுமை இழப்பார்கள். இழக்கட்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடியபோது, அவர்களுக்காகவே சூம் வகுப்பையும் வட்ஸ்அப் குழுவையும் ஒரு கிழமைக்குள் படித்துக்கொண்ட தாய்மார்தானே நாங்கள்.

பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். செய்த வேலையை உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள்: 'பட்டையில வலது, ராஸ்க்பார், அலைன்மென்ற், இடது.' சனசமூக நிலையத்திலோ மாதர் சங்கத்திலோ கணினி இருந்தால் அந்தக் கொப்பியை அங்கேயே கட்டித் தொங்கவிட்டால், அடுத்து வருபவருக்கும் உதவும்.

கடைசியாக, வேர்ட்பாட் பாவித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வேர்ட் வாங்க வசதியில்லாமல், விண்டோஸோடு சும்மா வந்த வேர்ட்பாட்டில் கடிதமும் கூட்டக் குறிப்பும் எழுதிவந்த சகோதரிகள் பலர். விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது, தேடிப் பயனில்லை. பழைய வேர்ட்பாட் கோப்புகள் அழியவில்லை. லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளின் 'ரைற்றர்' அவற்றைத் திறக்கும், வேர்ட் கோப்புகளையும் திறக்கும். அதன் சொந்த இணையத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்குவதற்குக் காசு கட்டாயம் என்றால் நீங்கள் வேறு எங்கோ வந்து நிற்கிறீர்கள்.